வண்ணாரப்பேட்டையில் தலைமையாசிரியர்களுக்கான ‘கடினமான உரையாடல்கள்’ பயிற்சி: ஒரு மதிப்புரை

பள்ளித் தலைமைப் பொறுப்பில் இருப்பவர்களுக்காக வடசென்னையின் பழைய வண்ணாரப்பேட்டையில் நடந்த ‘கடினமான உரையாடல்கள்’ என்னும் இரண்டு நாள் பயிற்சியில் கலந்துகொண்டேன். சேரலாமா என்று சக தலைமையாசிரியர்கள் பலர் கேட்பதால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆசிரியர்களிடம் பேசத் தயங்கி நாம் தள்ளிப்போட்டுக்கொண்டே போகும் பேச்சுகளுக்கு இந்தப் பயிற்சி உண்மையாகவே பயன்படும். பெற்றோரிடம் பேசுவதற்கு ஓரளவு கைகொடுக்கும். குழந்தைப் பாதுகாப்புக் குறித்து அங்கே கற்றுத்தந்ததை மட்டும் அப்படியே பள்ளிக்கு எடுத்துச் செல்லக் கூடாது. அதை நம்பி ஒரு தலைமையாசிரியர் நடந்துகொண்டால் குழந்தைக்குத் தீங்கு நேரும், அவரும் வழக்கில் நிற்க வேண்டிவரும். நடத்தியவர்களின் பெயரை நான் எழுதவில்லை. குறைகளை அவர்களிடமே நேரில் விளக்கமாகச் சொல்லிவிட்டேன். இதே வடிவிலான பயிற்சிகள் வேறு இடங்களிலும் நடப்பதால், எதில் சேர்ந்தாலும் எதைக் கவனிக்க வேண்டும் என்பதற்கு இந்த மதிப்புரை உதவட்டும்.

நான் தண்டையார்பேட்டையில் அரசு உதவிபெறும் உயர்நிலைப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியை. என்னுடன் பயிற்சிக்கு வந்தவர்கள் காசிமேடு, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர், மணலி ஆகிய பகுதிகளின் உதவிபெறும் பள்ளிகளிலிருந்தும் மெட்ரிகுலேஷன் பள்ளிகளிலிருந்தும் மாநகராட்சிப் பள்ளிகளிலிருந்தும் வந்திருந்தார்கள். எங்களில் பெரும்பாலோர் பணிமூப்பின்படி இந்த நாற்காலிக்கு வந்தவர்கள். நேற்றுவரை கணிதமோ அறிவியலோ கற்பித்துக்கொண்டிருந்த ஒருவர், பதவி உயர்வு ஆணை கைக்கு வந்த மறுநாளே, இருபது ஆண்டுகள் தன்னோடு ஒரே மேசையில் மதிய உணவைப் பகிர்ந்துகொண்ட தோழியை அழைத்து ‘உங்கள் வகுப்பில் பிள்ளைகள் படிக்கவில்லை’ என்று சொல்ல வேண்டிய நிலைக்கு வந்துவிடுகிறார். பி.எட். படிப்பில் இதற்குப் பாடம் கிடையாது. தலைமையாசிரியர் கூட்டங்களில் எமிஸ் என்னும் பள்ளித் தகவல் தளத்தின் பதிவேற்றமும் தேர்ச்சி விழுக்காடும் நலத்திட்டப் பட்டியலும் பேசப்படும் அளவுக்கு, ஒரு மனிதரை எதிரே உட்கார வைத்துக் கசப்பான ஒன்றைச் சொல்வது எப்படி என்பது பேசப்படுவதில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்ப ஒருவர் முன்வந்திருக்கிறார் என்பதற்காகவே இந்த முயற்சியை மதிக்கிறேன்.

முதல் நாள் காலை, ஹார்வர்டில் பேராசிரியராக இருந்த கிரிஸ் ஆர்கிரிஸ் விளக்கிய ‘அனுமான ஏணி’யிலிருந்து தொடங்கினார்கள். நடந்தவற்றில் சிலவற்றை மட்டும் நம் கண் பொறுக்கி எடுக்கிறது, பொறுக்கியதற்கு நாமே ஒரு பொருள் கொடுக்கிறோம், அந்தப் பொருளிலிருந்து ஒரு முடிவுக்குத் தாவுகிறோம், அந்த முடிவை உண்மை என்றே நம்பிச் செயல்படுகிறோம், அடுத்த முறை அந்த நம்பிக்கைக்கு ஏற்றவையே கண்ணில் படுகின்றன என்பது இதன் சாரம். இதை ஒரு மணி நேரம் விளக்கியது தேவைக்கு மிகுதி. பயிற்சியின் உயிர் அடுத்துக் கொடுத்த தாளில் இருந்தது.

அந்தத் தாளை இரண்டு பத்தியாகப் பிரித்திருந்தார்கள். அண்மையில் சரியாக அமையாத ஓர் உரையாடலை நினைவுபடுத்தி, வலப்பக்கத்தில் இருவரும் வாய்விட்டுப் பேசியதை நாடக வசனம்போல் எழுத வேண்டும். இடப்பக்கத்தில் அந்தந்த நேரத்தில் மனத்தில் ஓடியதை, சொல்லாமல் விழுங்கியதை, எழுத வேண்டும். ஆர்கிரிஸ் வகுத்த முறைதான் இதுவும். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த திருவொற்றியூர்த் தலைமையாசிரியை, அடிக்கடி தாமதமாக வரும் ஓர் ஆசிரியரைப் பற்றி எழுதினார். வலப்பக்கத்தில் ‘சார், வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்களா? கொஞ்சம் சீக்கிரம் வரப் பாருங்க’ என்று ஒரே ஒரு வரி. இடப்பக்கத்தில் எட்டு வரி. ‘இவருக்குப் பொறுப்பே இல்லை’, ‘நான் பெண் என்பதால்தான் இப்படி’, ‘இன்னும் நான்கு ஆண்டில் ஓய்வுபெறப் போகிறவர், எதற்கு வம்பு’ என்றெல்லாம் போயிற்று. பயிற்றுநர் ஒரு பென்சிலை எடுத்து, அந்த எட்டு வரியில் வருகைப் பதிவேட்டைத் திறந்தால் காணக்கூடியது எது என்று மட்டும் கேட்டார். ஒன்றுகூட இல்லை. பிறகு அந்த அம்மையார் தானாகவே, எந்தெந்த நாளில் எத்தனை மணிக்கு அவர் வந்தார், ஒன்பதாம் வகுப்பின் முதல் பாடவேளை அந்த நாட்களில் என்ன ஆயிற்று என்பதை நினைவுபடுத்தி எழுதத் தொடங்கினார். எழுதி முடிந்தபோது அவரிடம் பேசுவதற்குத் தேவையான பொருள் முழுவதும் அந்தத் தாளிலேயே இருந்தது.

இந்த இடத்தில் நடந்த விவாதம் பயிற்சியின் மிகச் சிறந்த பகுதி. அந்த ஆசிரியர் மணலி புதுநகரிலிருந்து வருகிறவர் என்பதும், எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றால் எந்தப் பேருந்தும் நகராது என்பதும் எங்கள் எல்லோருக்கும் தெரியும். காரணம் உண்மையாயிற்றே, பிறகு என்ன கேட்பது என்று சிலர் அமைதியானார்கள். வியாசர்பாடியிலிருந்து வந்திருந்த ஒருவர் விடவில்லை. மழை பெய்தால் கணேசபுரம் சுரங்கப்பாதை நிரம்பி என் பள்ளிக்கும் பாதிப் பேர் வர முடியாது, அது உண்மை. ஆனால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை முதல் பாடவேளையை இழந்ததும் உண்மை, இரண்டையும் ஒரே மேசையில் வைக்காமல் எப்படிப் பேச்சு முடியும் என்று கேட்டார். நியூசிலாந்தின் ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் பள்ளித் தலைமையை நீண்ட காலம் ஆராய்ந்த விவியன் ராபின்சன் சொல்வதும் ஏறக்குறைய இதுதான். உறவு கெடக் கூடாது என்று விஷயத்தை மழுப்புகிற தலைவரும், விஷயம் முடிய வேண்டும் என்று உறவை உடைக்கிற தலைவரும் பார்வைக்கு எதிரெதிராகத் தெரிந்தாலும், தன் கணிப்பு சரி என்பதை இருவருமே சோதித்துப் பார்ப்பதில்லை. தன் கவலையை மறைக்காமல் சொல்ல வேண்டும், அந்தக் கவலைக்கு எது ஆதாரம் என்பதைச் சொல்ல வேண்டும், நான் நினைப்பது தவறாக இருக்கலாமா என்று உண்மையாகவே கேட்க வேண்டும் என்பது அவருடைய வழி. பயிற்றுநர் இதை நூல் மொழியில் விளக்கியபோது எவர் மனத்திலும் பதியவில்லை. வியாசர்பாடிக்காரர் கேட்ட பிறகு பதிந்தது.

பிற்பகலில் மூன்று மூன்று பேராகப் பிரிந்து பயிற்சி செய்தோம். ஒருவர் தலைமையாசிரியர், ஒருவர் எதிரே இருப்பவர், மூன்றாமவர் பார்த்துக் குறிப்பெடுப்பவர். முழு உரையாடலையும் நடிக்க வைக்காமல், முதல் இரண்டு வாக்கியங்களை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்கள். இந்த ஓர் ஏற்பாட்டுக்காகவே கட்டணத்தைக் கொடுக்கலாம். கடினமான பேச்சுகள் பெரும்பாலும் தொடங்கும் இடத்திலேயே கெட்டுப்போகின்றன என்பது அப்போது கண்கூடாகத் தெரிந்தது. ‘ஒண்ணுமில்ல மிஸ், சும்மாதான் கூப்பிட்டேன்’ என்று எங்களில் பலர் பழக்கத்தால் தொடங்கினோம். குறிப்பெடுப்பவர் உடனே கையை உயர்த்த வேண்டும் என்பது விதி. சும்மா கூப்பிட்டதாகச் சொல்லிவிட்டு ஐந்து நிமிடம் கழித்து விஷயத்துக்கு வந்தால், எதிரே இருப்பவர் அந்த ஐந்து நிமிடத்தையும் ஏமாற்று என்றே எடுத்துக்கொள்வார். கடைசியில் பலருக்கு இப்படி அமைந்தது: ‘எட்டாம் வகுப்பு கணக்கு நோட்டைப் பத்திப் பேசத்தான் வரச் சொன்னேன் மிஸ். ஜூலைக்கு அப்புறம் திருத்தின கையெழுத்து எந்த நோட்டுலயும் இல்ல. என்ன நடந்துச்சுன்னு உங்ககிட்ட கேட்டுட்டு, நான் நெனைக்கிறதையும் சொல்றேன்.’ இதில் குற்றச்சாட்டும் இல்லை, மழுப்பலும் இல்லை.

முதலில் பாராட்டி, நடுவில் குறை சொல்லி, மறுபடி பாராட்டி முடிக்கும் முறையைப் பயிற்றுநர் வேண்டாம் என்றே சொன்னார். நானும் அதை வழிமொழிகிறேன். நம் ஆசிரியர் அறைகளில் தலைமையாசிரியர் புகழ ஆரம்பித்தால் அடுத்து என்ன வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் உண்மையாகவே பாராட்ட வேண்டிய நாளிலும் அந்தப் பாராட்டை யாரும் நம்புவதில்லை. பாராட்டைத் தனியாக, அதற்கென்று ஒரு நாளில் சொல்வதே முறை.

மூத்தவர்களிடம் எப்படிப் பேசுவது என்ற கேள்விக்குப் பயிற்சியில் போதிய விடை கிடைக்கவில்லை. கொடுக்கப்பட்ட மாதிரி வசனங்கள் எல்லாம், வயதும் அனுபவமும் ஒத்த இருவர் ஓர் அலுவலகத்தில் பேசிக்கொள்வதுபோல் இருந்தன. எங்கள் பள்ளிகளில் நாற்பது வயதுத் தலைமையாசிரியை, தனக்கே பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்த ஐம்பத்தேழு வயது ஆசிரியரிடம் பேச வேண்டியிருக்கும். அவரை ‘ஐயா’ என்று அழைத்தபடியேதான் அவருடைய பாடக்குறிப்பேடு எழுதப்படவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். அழைக்கும் சொல்லில் மரியாதை குறையக் கூடாது, அந்த மரியாதை விஷயத்தை விழுங்கிவிடவும் கூடாது. இதற்கு எங்கள் குழுவிலிருந்த மூத்த அம்மையார் ஒருவரே நல்ல வழி சொன்னார். மூத்தவரை நம் அறைக்கு வரவழைக்காமல், பாடவேளை இல்லாத நேரத்தில் நாமே அவரைத் தேடிச் சென்று தனியாக உட்கார்ந்து பேசலாம். ஆனால் பேசி முடித்தபின் இருவரும் ஒப்புக்கொண்டதைத் தேதியோடு நம் குறிப்பேட்டில் எழுதி, அதை அவரிடமும் காட்ட வேண்டும்.

எழுத்து என்று வந்தாலே, ‘மெமோ’ என்று நாம் சொல்லும் குறிப்பாணைதான் எல்லோர் நினைவுக்கும் வருகிறது. அரசுப் பள்ளியில் ‘17 ஏ’, ‘17 பி’ என்று ஒழுங்கு நடவடிக்கை விதிகளின் எண்களையே மக்கள் அச்சத்தோடு உச்சரிக்கிறார்கள். உதவிபெறும் பள்ளியில் செயலரிடமிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். பேசவே பேசாமல் நேராகக் குறிப்பாணைக்குப் போவதும், எவ்வளவு நடந்தாலும் குறிப்பாணைக்குப் போகாமல் பேசிக்கொண்டே இருப்பதும் நம்மிடையே சாதாரணம். எந்தக் கட்டத்தில் பேச்சு நின்று எழுத்து தொடங்க வேண்டும் என்பதை இந்தப் பயிற்சி தெளிவாக வரையறுத்தது. ஒரே விஷயத்தை இருமுறை பேசி, இருமுறையும் ஒப்புக்கொண்டது நடக்கவில்லை என்றால், மூன்றாவது பேச்சுக்கு முன்பே அதை எழுத்தில் தெரிவிக்கப்போவதாக ஆசிரியரிடம் சொல்லிவிட வேண்டும் என்றார்கள். மாணவரை அடித்தது போன்றவற்றுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது என்பதையும் அவர்கள் சொல்லியிருக்க வேண்டும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. அங்கே முதல் முறையே பதிவு செய்யப்பட வேண்டும்.

இரண்டாம் நாள் பெற்றோருக்கானது. இங்கேதான் பயிற்சி நம் ஊரைவிட்டு விலகிப்போனது. கட்டணப் பாக்கி குறித்த மாதிரி உரையாடலில், பெற்றோரிடம் ‘ஒரு தேதியைக் கேட்டு வாங்கிவிடுங்கள்’ என்று சொல்லிக் கொடுத்தார்கள். காசிமேட்டு மெட்ரிகுலேஷன் பள்ளி முதல்வர் எழுந்து, எங்கள் பெற்றோரிடம் ஜூன் தொடக்கத்தில் தேதி கேட்பதே தவறு என்றார். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, ஆகவே படகில் போகிறவருக்கு மட்டுமின்றி ஐஸ் உடைப்பவருக்கும், கூடை சுமப்பவருக்கும், ஏலம் எடுத்து விற்கும் பெண்களுக்கும் கையில் காசு இருக்காது. பள்ளி திறப்பதோ அந்தத் தடை முடியும் தறுவாயில். அந்த முதல்வர் பெற்றோரிடம் ஏப்ரல் முதல் வாரத்திலேயே பேசிவிடுகிறார். படகு போன பிறகு ஜூலையிலிருந்து எத்தனை தவணை என்பதை அப்போதே இருவரும் எழுதிக்கொள்கிறார்கள். ‘பிள்ளைக்கு முன்னால் கட்டணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசுவதில்லை என்று ஆசிரியர்களிடமும் உறுதி வாங்கியிருக்கிறேன்’ என்று அவர் சொன்னபோது அரங்கமே கைதட்டியது. மாற்றுச் சான்றிதழை வைத்துக்கொண்டு கட்டணத்தை வசூலிக்கும் பழக்கத்தை 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்ததையும் அவரே நினைவூட்டினார். பயிற்றுநரிடமிருந்து வந்திருக்க வேண்டிய செய்திகள் இவை.

கோபத்தோடு வரும் பெற்றோரை எதிர்கொள்ளும் பகுதி நன்றாக இருந்தது. முதலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுங்கள் என்பது நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பேச்சை இடைமறிக்காமல் கேட்டு, கேட்டதை அவருடைய சொற்களிலேயே திருப்பிச் சொல்லி, ‘நான் புரிஞ்சுக்கிட்டது சரியாம்மா?’ என்று கேட்ட பிறகே நம் பக்கத்தைத் தொடங்க வேண்டும் என்பதை நடித்துப் பார்த்தபோது, கோபம் குறையும் கணம் எது என்பது தெரிந்தது. ‘இன்னா டீச்சர், எம்புள்ளன்னா அவ்ளோ எளக்காரமா’ என்று குரல் உயர்த்தி வருகிற தாய், தான் சொன்னதையே தலைமையாசிரியர் வாயிலிருந்து குறையாமல் கேட்டதும் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். அந்தத் தாயாக நடித்தவர் ஒரு மாநகராட்சிப் பள்ளித் தலைமையாசிரியை. அன்றாடம் அந்தக் குரலைக் கேட்பவர் என்பதால் நடிப்பு என்றே தோன்றவில்லை.

பெற்றோர் கூட்டமாகத் திரண்டு வந்தால் என்ன செய்வது என்பதற்கும் சுருக்கமான வழி கொடுத்தார்கள். இதுவரை உறுதியாகத் தெரிந்தது என்ன, இப்போது செய்துகொண்டிருப்பது என்ன, அடுத்த தகவலை எத்தனை மணிக்குச் சொல்வோம் என்ற மூன்றை மட்டும், வாசலுக்கு வந்து நின்று சொல்ல வேண்டும். 2024 அக்டோபரில் திருவொற்றியூரில் ஒரு பள்ளி மாணவர்கள் வாயு நெடியால் மயங்கியபோது பெற்றோர் பதறி ஓடிவந்ததைக் கண்ட எங்களுக்கு இதன் அருமை தெரியும். தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லி ஆறுதல்படுத்துவது மறுநாளே பொய்யாகிவிடும்.

ஆனால் பெற்றோர் தனியாக வராதபோது என்ன செய்வது என்பதற்கு அவர்களிடம் விடையே இல்லை. எங்கள் பகுதியில் தாயோடு வட்டச் செயலாளர் வருவார், மீனவர் பஞ்சாயத்துப் பெரியவர் வருவார், தெருவில் செல்வாக்குள்ள அண்ணன் ஒருவர் வருவார். அவரை வெளியே நிறுத்தினால் அவமானப்படுத்தியதாகும், உள்ளே வைத்துப் பேசினால் பிள்ளையின் மதிப்பெண்ணும் நடத்தையும் தெருவுக்குப் போகும். நான் கடைப்பிடிப்பது இது: வந்த எல்லோரையும் வணங்கி உட்கார வைப்பேன், அவர்கள் சொல்ல வந்ததை முழுவதும் கேட்பேன், பிறகு ‘பிள்ளை விஷயத்தை அம்மாகிட்ட மட்டும்தான் பேச எனக்கு அனுமதி, நீங்க கொஞ்சம் பொறுத்துக்கணும் அண்ணே’ என்று சொல்லி அந்தத் தாயோடு தனியாகப் பேசுவேன். உடன் வந்தவருக்குத் தேநீர் போய்விடும். பெரும்பாலும் இது ஏற்கப்படுகிறது. பள்ளி மேலாண்மைக் குழுவை இங்கே பயன்படுத்தலாம் என்பதைக்கூடப் பயிற்றுநர் குறிப்பிடவில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி அந்தக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். 2022-இல் தமிழகம் முழுவதும் அரசுப் பள்ளிகளில் இந்தக் குழுக்கள் மறுகட்டமைப்புச் செய்யப்பட்டன. அதே தெருவில் வாழும் ஒரு தாய் குழுத் தலைவராக உடன் அமர்ந்தால் பல சச்சரவுகள் தணிந்துவிடுகின்றன.

இனி நான் மிகவும் கவலைப்படும் பகுதிக்கு வருகிறேன். இரண்டாம் நாள் மதியம் கொடுத்த ஒரு சூழலில், ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, பள்ளி ஊழியர் ஒருவர் தன்னைத் தகாத முறையில் தொட்டதாக வகுப்பாசிரியையிடம் சொல்கிறாள். தலைமையாசிரியர் அந்தக் குழந்தையிடம் எப்படி விசாரிப்பது, அந்த ஊழியரிடம் எப்படி நடுநிலையோடு விளக்கம் கேட்பது, இரு தரப்பையும் கேட்ட பிறகு பெற்றோரிடம் எப்படிப் பக்குவமாக எடுத்துச் சொல்வது என்று மூன்று உரையாடல்களை நடிக்கச் சொன்னார்கள். நான் எழுந்து மறுத்தேன். இது தலைமையாசிரியர் தன் பேச்சுத் திறமையால் ‘கையாள’ வேண்டிய விஷயமே இல்லை. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு, இப்படி ஒரு குற்றம் நடந்திருப்பதாக அறிந்த எவரும் காவல்துறைக்கோ சிறார் சிறப்புக் காவல் பிரிவுக்கோ தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது. தனக்குக் கீழ் பணியாற்றுபவர் மீதான புகாரை நிறுவனத்தின் பொறுப்பாளர் தெரிவிக்காமல் விட்டால், 21-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. புகார் உண்மையா என்று விசாரித்து உறுதிசெய்துகொண்ட பிறகே தெரிவிக்கலாம் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. ஊழியரை அழைத்து விளக்கம் கேட்டால் அவர் எச்சரிக்கையாகிவிடுவார்; குழந்தையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தால் அவள் பட்ட துன்பத்தை மறுபடி படுவாள், அவளுடைய வாக்குமூலமும் கலங்கும்.

அப்படியானால் தலைமையாசிரியருக்குப் பேச வேண்டியது எதுவும் இல்லையா என்று ஒருவர் கேட்டார். உண்டு, அவற்றைத்தான் பயிற்சியில் ஒத்திகை பார்த்திருக்க வேண்டும். குழந்தையிடம் பேச வேண்டியது மிகக் குறைவு: சொன்னது நல்ல காரியம், உன்மேல் எந்தத் தவறும் இல்லை, உனக்கு உதவக்கூடியவர்களிடம் நான் இதைச் சொல்லியாக வேண்டும். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. அவள் சொன்ன சொற்களை அப்படியே, நேரத்தோடு எழுதிவைத்து, அந்த ஊழியர் பிள்ளைகள் பக்கம் வராதபடி உடனே செய்துவிட்டு, காவல்துறைக்கும் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கும் தெரிவிக்க வேண்டும். அதன்பின் வருவதுதான் உண்மையான கடினமான உரையாடல். தாய் அழுதுகொண்டே, ‘போலீசுக்கெல்லாம் போவாதீங்க டீச்சர், பொம்பளப் புள்ள வாழ்க்கை போயிடும்’ என்று கையைப் பிடித்துக்கொள்வார். வடசென்னையில் மட்டும் இல்லை, எங்கும் இப்படித்தான். அந்தக் கையை உதறாமல், ஆனால் தெரிவிக்காமல் இருக்கும் உரிமை எனக்கும் கிடையாது, உங்களுக்கும் கிடையாது என்பதைச் சொல்ல வேண்டும். அதோடு அவருடைய அச்சத்துக்கு விடையாகச் சட்டத்தில் இருப்பதையும் சொல்லலாம்: 24-ஆம் பிரிவின்படி குழந்தையின் வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, கூடியவரை துணை ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வந்து பதிவு செய்வார், இரவில் எந்தக் குழந்தையையும் காவல் நிலையத்தில் வைத்திருக்க முடியாது, அவளுடைய பெயரோ பள்ளியின் பெயரோ செய்தியில் வெளிவரக் கூடாது என்று 23-ஆம் பிரிவு தடை செய்கிறது. இந்த மூன்று செய்திகளைத் தெரிந்துவைத்திருக்கிற தலைமையாசிரியரால் அந்தத் தாயின் நடுக்கத்தைப் பாதியாவது குறைக்க முடியும். ஆசிரியர் அறையில் யாரும் அந்தக் குழந்தையின் பெயரை உச்சரிக்கக் கூடாது என்று சொல்வதும் ஒரு கடினமான பேச்சுதான், அதையும் அன்றே செய்ய வேண்டும்.

பயிற்றுநர் என் மறுப்பைப் பொறுமையாகக் கேட்டார், வாதாடவில்லை, அந்தச் சூழலை அன்றே நிறுத்திவிட்டார். அடுத்த அணிக்கு ஒரு வழக்கறிஞரையோ குழந்தை நலக் குழுவில் பணியாற்றியவரையோ இந்த அமர்வுக்கு அழைப்பதாகச் சொன்னார். அவர் அப்படி நடந்துகொண்டது எனக்கு மதிப்பைக் கூட்டியது. எனினும், அது நிறைவேறும் வரை இந்தப் பகுதியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

படிப்பை நிறுத்தப்போகும் பிள்ளையின் வீட்டாரிடம் பேசுவதற்கும் சிறிது நேரம் ஒதுக்கினார்கள். ஒன்பதாம் வகுப்புப் பையன் கேட்டரிங் வேலைக்குப் போய் ஒரு முகூர்த்தத்துக்குச் சில நூறு ரூபாய் கொண்டுவரத் தொடங்கிய பிறகு, ‘படிப்பு முக்கியம்மா’ என்ற பொதுவான பேச்சு எடுபடாது. அந்த வீட்டின் கணக்குக்குள் நாம் போக வேண்டும். அரசுப் பள்ளியிலும் உதவிபெறும் பள்ளியின் தமிழ்வழி வகுப்பிலும் ஆறாம் வகுப்பிலிருந்து படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், ஆணுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை. புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று நம் பாரதி மகளிர் கல்லூரியில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. அந்தக் கல்லூரியில் படித்த தங்கள் பழைய மாணவி ஒருத்தியை அழைத்துவந்து அந்தத் தாயோடு பேச வைப்பதாக ஒரு தலைமையாசிரியை சொன்னார். நல்ல யோசனை என்று நானும் குறித்துக்கொண்டேன்.

வாட்ஸ்அப் குழுவில் இரவு வரும் கோபமான குரல் பதிவுகளைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாதது பெரிய குறை. இன்று கடினமான பேச்சுகளில் பாதி அங்கேதான் தொடங்குகின்றன. குழுவில் பதில் எழுதாமல் மறுநாள் காலை அந்தப் பெற்றோருக்குத் தனியாகத் தொலைபேசியில் அழைப்பது என்ற எளிய விதியையாவது சொல்லியிருக்கலாம்.

மற்ற ஏற்பாடுகளில் குறை சொல்ல அதிகம் இல்லை. தியாகராயா கல்லூரி மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரம், எம்.சி. ரோட்டில் துணி வாங்கும் கூட்டத்தின் சத்தம் ஜன்னல் வழியாக வந்துகொண்டே இருந்ததால் பின்வரிசைக்குச் சரியாகக் கேட்கவில்லை. சாப்பாடு நன்றாக இருந்தது. ஒருவருக்கு 2,400 ரூபாய் கட்டணம். உதவிபெறும் பள்ளித் தலைமையாசிரியர் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டிய தொகை என்று பார்த்தால் அதிகம்தான். பயிற்சி முடிந்த ஒரு மாதத்தில் தொலைபேசியில் அழைத்து, ஒத்திகை பார்த்த பேச்சைப் பள்ளியில் உண்மையாகப் பேசினோமா என்று கேட்பதாகச் சொன்னார்கள், சொன்னபடி அழைத்தார்கள். எனக்கு வந்த அழைப்பு அரை மணி நேரம் நீடித்தது, பயனுள்ளதாகவும் இருந்தது.

சேர விரும்புகிறவர்கள் உதவித் தலைமையாசிரியரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். மூன்று பேர் ஒத்திகைக்கு இருவரும் ஒரே பள்ளியிலிருந்து வந்திருந்தால், குறிப்பெடுக்கும் பழக்கத்தைப் பள்ளிக்குத் திரும்பிய பிறகும் தொடர முடிகிறது. எங்கள் பள்ளியில் இப்போது, ஓர் ஆசிரியரை அழைத்துப் பேசுவதற்கு முன் நானும் உதவித் தலைமையாசிரியரும் கதவைச் சாத்திக்கொண்டு அந்த முதல் இரண்டு வாக்கியங்களைச் சொல்லிப் பார்த்துவிடுகிறோம். சேரும் முன் நடத்துகிறவர்களிடம் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: குழந்தைப் பாதுகாப்பு அமர்வை யார் எடுக்கிறார்கள், மாதிரிச் சூழல்கள் எந்தப் பள்ளிகளிலிருந்து எழுதப்பட்டவை. முதல் கேள்விக்குச் சட்டம் தெரிந்த ஒருவரின் பெயர் வரவில்லை என்றால், அந்த மதியம் மட்டும் விடுப்புச் சொல்லிவிட்டுப் பள்ளிக்குத் திரும்பிவிடலாம்.